கேரம் போட்டி, வெள்ளி நாலு மணி

சிட்ரா கேம்ப், மெஸ் கதவில்
பிரியாணி டோக்கன் பட்டியலுக்குக் கீழே
நாங்கள் ஒட்டிய நோட்டீசில் அவ்வளவுதான் இருந்தது.
பரிசு: இரண்டு தினார் ரீசார்ஜ்.
ஃபோர்மேன் படித்தார், சிரித்தார்,
தனக்கு இடுப்பு வலி என்றார்.
எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

எட்டாம் நம்பர் அறையில் நாற்பத்தொரு பேர்.
மேல்தட்டுக் கட்டில்களிலிருந்து கால்கள் தொங்கின.
போர்டு நடுவில், பவுடர் தூவியாயிற்று,
காய்கள் டப்பாவுக்குள்ளேயே.
போர்டின் மேல் ஒரு தாள்.

விஷயம் பெரிதில்லை.
வேலை ஐந்துக்கு முடிகிறது. பஸ் ஏழுக்கு வருகிறது.
நடுவில் கிடக்கிற இரண்டு மணி நேரம்
டைம்ஷீட்டில் கிடையாது, ஓவர்டைமில் கிடையாது.
யார்டு வேலியோரம் நிழலும் கிடையாது.
ஜூலையில் ராமுலு அங்கேதான் சரிந்தான்.
'பணிநேரத்துக்குப் பிறகு' என்று எழுதிக்கொண்டார்கள்.
அது பொய்யும் இல்லை.

நான் சொல்லச் சொல்ல ஷஃபிகுல் அரபியில் எழுதினான்,
சில்ஹெட் மதரசாவில் படிந்த கையெழுத்து.
என் தமிழ் அவனுக்குப் புரிகிற இந்தியாகி
வலமிருந்து இடமாய் நடந்து போனது.
'பிச்சை கேக்கற மாதிரி இருக்கக் கூடாது' என்றான் தவசி.
'சண்டை மாதிரியும்' என்றார் மொய்தீன் பாய்.
இரண்டுக்கும் நடுவே ஒரு சொல்லைத் தேடி
கால்மணி நேரம் போயிற்று.

எழுதி முடித்தும் பேனா கைமாறவில்லை.
முதல் கையெழுத்து யார்?
போன வருஷம் தண்ணீர்த் தொட்டி மனுவில்
முதல் பெயர் சகாயராஜ்.
தொட்டி வந்தது. அவருக்கு டிக்கெட்டும் வந்தது.
இன்றைக்கும் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறோம்.

ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

தவசி பைப் ஃபிட்டர். எழுந்து போய்
பையிலிருந்து நாலு அங்குல கேஸ்கெட்டை எடுத்து
தாளின் காலி இடத்தில் வைத்துச் சுற்றி வரைந்தான்.
'ஃபிளாஞ்சுக்கு போல்ட் முறுக்கறமே,
வரிசையாவா முறுக்கறோம்?
மேல ஒண்ணு, எதிர்த்தாப்ல கீழ ஒண்ணு,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
முடிச்ச பிறகு எவன் வந்து பார்த்தாலும்
முதல் போல்ட் எதுன்னு சொல்ல முடியுமா?'

போட்டோம். தமிழ், தெலுங்கு, வங்காளம்,
தில் பகதூரின் பெருவிரல்.
வெளிப்பக்கம் பார்த்தபடி நாற்பத்தொரு பெயர்,
பிள்ளைகள் சூரியனுக்கு வரைகிற கதிர் மாதிரி.
மொய்தீன் பாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
தன் பெயரைத் தானே கண்டுபிடிக்க முடியாமல்
சந்தோஷப்பட்டார்.

வட்டத்துக்கு முதல் இல்லை. சரி.
தொழிலாளர் அலுவலகத்துக் கதவில்
ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தான் நுழைய முடியும்.
கொண்டுபோகிறவனுக்கு முகம் உண்டு,
சிபிஆர் அட்டை உண்டு.

அப்போதுதான் காய்களைக் கொட்டினோம்.
சிவப்பைப் போடுகிறவன் போகட்டும்.

மற்ற நாளில் சிவப்புக்கு அடித்துக்கொள்கிற விரல்கள்
அன்று ஓரத்துக் காய்களிடம் பாசமாய் இருந்தன.
சிவப்பு நடுவிலேயே கிடந்தது,
யாரும் எடுக்காத போன் மாதிரி.
யோகேந்திரன் முறை வந்தது.
மன்னார்க்காரன். கண்ணை மூடிக்கொண்டும் போடுவான்,
வேண்டுமென்றால் மயிரிழையில் தவற விடவும் தெரியும்.
எல்லோரும் பார்த்தோம்.
தவற விடத் தெரிந்தவன் தவற விடவில்லை.

விழுந்தால் மட்டும் போதாது, விதி இருக்கிறது:
பின்னாலேயே இன்னொரு காய் விழவேண்டும்,
இல்லையென்றால் சிவப்பு திரும்ப நடுவுக்கு வந்துவிடும்.
அவன் ஸ்ட்ரைக்கரை வைக்குமுன்
'ஃபாலோ நான்' என்று ஒரு குரல் கேட்டது.
என் குரல்தான். எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

ஞாயிறு காலை. டோக்கன் அறுபத்து மூன்று.
யோகேந்திரன் உறையைச் சட்டைக்குள் வைத்திருக்கிறான்,
மடிப்பு விழுமென்று நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறான்.
தவசியிடமிருந்து கிசுகிசுப்பாய் ஒரு வாய்ஸ் மெசேஜ்:
'பஸ்ல தலை எண்ணிட்டாங்க. ரெண்டு குறையுது.
ஃபோர்மேன் கேக்கறாரு,
கேரம்ல யார் ஜெயிச்சதுன்னு.'

பலகையில் ஐம்பத்தெட்டு மினுங்குகிறது.
'ஆட்டம் முடியலன்னு சொல்லு' என்கிறேன்.